மைனஸ் ஒன்றரைக்கு எத்தனை மா நடலாம், தம்பி?

வறட்சியை மூணு மாசம் முன்னாலயே சொல்ற மென்பொருள் செஞ்சிருக்கேன்னு சொல்றே. சந்தோஷம் தம்பி. படத்தையும் பாத்தேன். மஞ்சள், ஆரஞ்சு, செகப்பு, கருஞ்செகப்பு. கண்ணுக்கு அழகாத்தான் இருக்கு. நம்ம தஞ்சாவூர் ஜில்லா அதுல கட்டைவிரல் நகம் அளவு. அதுக்குச் செகப்பு பூசி வச்சிருக்கே. செகப்புன்னா என்னன்னு கேட்டா, கடும் வறட்சிங்குறே. கடும் வறட்சின்னா நான் குறுவைக்கு நாத்து விடலாமா, கூடாதா? அதைக் கேட்டா நீ விட்டத்தைப் பாக்குறே.

சரி, எண்ணாவது சொல்லுன்னா, மைனஸ் ஒன்றரைங்குறே. மைனஸ் ஒன்றரைக்கு எத்தனை மா நடலாம்? மூணு மா சேந்தா ஒரு ஏக்கர். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். உன் ஒன்றரைக்கு எத்தனை மான்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?

அட, மூஞ்சியைத் தூக்காதே. நான் என்ன படிக்காதவனா? நீ விளக்குனதை நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குறைஞ்சது முப்பது வருஷ மழைக்கணக்கை எடுக்கணும். அதை ஒரு வளைகோட்டுல பொருத்தி, வழக்கமான மழைக்குப் பூஜ்யம் வைக்கணும். பூஜ்யத்துக்குக் கீழே ஒண்ணு எறங்குனா மிதமான வறட்சி, ஒன்றரை எறங்குனா கடும் வறட்சி, ரெண்டுன்னா அதிதீவிரம். 1993ல அமெரிக்காவுல மெக்கீன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் போட்ட கணக்கு. எஸ்.பி.ஐ.ன்னு பேரு. பேங்குக்கும் அதே எழுத்துதான். நமக்கு ரெண்டு இடத்துலயும் மைனஸ்.

கணக்கு தப்புன்னு நான் சொல்லலை. குடகுல நூறு அங்குலம் பெய்யுது, ராமநாதபுரத்துல முப்பது அங்குலம் பெய்யுது. ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்கணும்னா இப்படித்தான் செய்யணும். ஆனா நீ நிறுத்தது எந்த ஊர் மழை? தஞ்சாவூர் மழைமானியில ஆனி மாசம் தண்ணி இல்லைன்னு செகப்பு பூசியிருக்கே. ஆனியில இங்க என்னைக்குடா மழை கொட்டுச்சு? நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில. குறுவைக்குத் தண்ணி குடகுலயும் வயநாட்டுலயும் பெய்யுற மழையில இருந்து வரணும். இங்க வானம் வெளுத்துக் கெடக்குறப்ப நம்ம வாய்க்கால் நெறைஞ்சு ஓடும். இங்க இடியும் மின்னலுமா இருக்குறப்ப ஆத்துல மணல் பறக்கும். மேகத்தைப் பாத்து வெதைக்கிறவன் வேற ஊர்க்காரன். நாங்க பேப்பரைப் பாத்து வெதைக்கிறவங்க.

காலையில டீக்கடைக்கு வந்து பாரு. பேப்பர் வந்ததும் சினிமாப் பக்கம் ஒருத்தன் கைக்குப் போகும், அரசியல் ஒருத்தன் கைக்குப் போகும். நடுவுல ஒரு கட்டம், அதுக்குத்தான் அடிதடி. மேட்டூர் அணை, நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., வெளியேற்றம் இத்தனை கன அடி. நாலே நாலு எண்ணு. அந்த நாலையும் சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கெழவனுங்க டீயையே உறிஞ்சுவாங்க. உன்னோட மென்பொருளுக்கு வயசு என்ன? எங்களுது அணை கட்டுன 1934ல இருந்து ஓடுது.

"அது வெறும் மழைக்கணக்கு இல்லைங்கய்யா, ஆத்து ஓட்டத்துக்கும் குறியீடு இருக்கு"ன்னு சொன்னே. இருக்கட்டும். 2009ல கிரேக்க நாட்டுக்காரங்க ரெண்டு பேர், மழைக்குப் பதிலா ஆத்துத் தண்ணியை வச்சு அதே மாதிரி கணக்கு போட்டாங்கன்னும் சொன்னே. கெட்டிக்காரங்கதான். மழை பொய்ச்ச அன்னைக்கே ஆறு காயாது, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அணை வத்தும், அதுக்கும் பொறவுதான் கெணறு எறங்கும். அந்த இடைவெளியைப் புடிச்சுட்டா முன்கூட்டியே சொல்லிடலாம்னு அவங்க நெனைப்பு. யாரும் தடுக்காத ஆத்துக்கு அது சரி.

நம்ம ஆறு அப்படியா? மேல கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கின்னு நாலு அணை. அதைத் தாண்டி பிலிகுண்டுலு. அங்க மத்திய நீர் ஆணையத்துக்காரங்க அளந்து எழுதுறாங்க. பொறவு மேட்டூர். முக்கொம்பு. கல்லணை. அங்க காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிஞ்சு, அதுக்குமேல வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஷட்டர், அதைத் திருகுறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு உத்தரவு போடுறதுக்கு இன்னொரு ஆளு. பத்தாயம் நம்ம வீட்டுல இருக்கு, சாவி அடுத்த வீட்டுக்காரன் இடுப்புல தொங்குது. இதுல நெல்லு ஏன் கொறையுதுன்னு பத்தாயத்தோட மரத்தை ஆராய்ச்சி பண்ணி என்ன புண்ணியம்? பிலிகுண்டுலுல தண்ணி கொறைஞ்சா உன் குறியீடு மைனஸ் காட்டும். மழை கொறைஞ்சதுக்கா, ஷட்டர் எறங்குனதுக்கா? அதுக்குத் தெரியாது.

சாவி யாருகிட்ட எப்ப இருக்கணும்னு முடிவு பண்றதுக்கே எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? 1990ல நடுவர் மன்றம் வச்சாங்க. 2007ல தீர்ப்பு வந்துச்சு. மொத்தக் காவிரியில 740 டி.எம்.சி. கெடைக்கும்னு வச்சு, பிலிகுண்டுலுல வருஷத்துக்கு 192 விடணும்னாங்க. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்குச்சு. மாசவாரியா அட்டவணையும் இருக்கு. ஜூன்ல 9.19, ஜூலையில 31.24, ஆகஸ்டுல 45.95. புள்ளிக்குப் பின்னால ரெண்டு எழுத்து வரைக்கும் சுத்தமா எழுதியிருக்கு. எல்லாம் வழக்கமா மழை பெய்யுற வருஷத்துக்கு. பெய்யாத வருஷத்துக்கு? கொறைஞ்ச விகிதத்துல பங்கு போட்டுக்கங்கன்னாங்க. எதை வச்சு கொறைச்சல், எந்தத் தேதியில கணக்கெடுக்குறது, அதுக்குத்தான் ஒவ்வொரு ஆடியிலயும் டெல்லியில பஞ்சாயத்து. நாலு அணைக்கு வந்த தண்ணி முப்பது வருஷ சராசரிக்கு எத்தனை சதவீதம் கொறைச்சல்னு ஒழுங்காற்றுக் குழு பாக்குது. நல்லாத்தான் பாக்குறாங்க. அவங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள நாத்து முத்திப்போவுது.

சிரிக்காதே, நம்ம ஊரு மட்டும் இப்படின்னு நெனைக்காதே. உன் மெக்கீ ஊர்லயே ஓடுற கொலராடோ ஆத்தை 1922ல ஏழு மாகாணமும் பங்கு போட்டுக்கிச்சு. நல்லா மழை பெஞ்ச சில வருஷத்தை வச்சு ஆத்துல இவ்வளவு ஓடும்னு எழுதிட்டாங்க. ஆறு அந்த அளவுக்கு ஓடலை. நூறு வருஷமா அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறாங்க. வறண்ட தேசத்துல ஆத்தைப் பங்கு போடுறவன் மொதல்ல காஞ்ச வருஷத்துக்குப் பங்கு போட்டுட்டு, பொறவு நல்ல வருஷத்துக்குப் போடணும். எல்லாரும் தலைகீழாப் போட்டுட்டு நிக்கிறாங்க.

இப்ப 2023க்கு வா. அதுல உனக்குப் பாடம் இருக்கு, எனக்கும் இருக்கு.

அந்த வருஷம் ஜூன் 12ல மேட்டூர்ல 103 அடி. முழு அளவு 120. வழக்கமான தேதிக்குத் திறந்தாச்சு, பூவெல்லாம் தூவியாச்சு. வழக்கமான தேதின்னு சொல்றேனே தவிர, 1934ல இருந்து இத்தனை வருஷத்துல ஜூன் 12க்கே திறந்தது ஏறக்குறைய இருபது தடவைதான். 2012ல இருந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம்கூட இல்லை. 2017ல காந்தி ஜெயந்திக்குத்தான் திறந்தாங்க. அதனால 2023ல சனத்துக்கு ஒரே குஷி. ஏக்கர் ஏக்கரா நட்டாங்க.

நீ அன்னைக்கு இருந்திருந்தா கருவியைத் தட்டிப் பாத்துப் பச்சை காட்டியிருப்பே. 103 அடி இருக்கே, பச்சைதானே? நான் வெரலை மடக்கிக் கணக்குப் போட்டேன், நீயும் போடு. 103 அடின்னா சுமாரா 69 டி.எம்.சி. இருப்பு. வினாடிக்கு 12,000 கன அடி விட்டா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு டி.எம்.சி. கழியும். அப்ப மேல இருந்து சொட்டுத் தண்ணி வரலைன்னா அறுபத்தொன்பது நாள். ஜூன் 12ல இருந்து எண்ணு. ஆவணி பொறந்து மூணு நாள்ல அணை தரை தட்டும். குடிக்கிறதுக்கும் மீனுக்கும் கொஞ்சம் நிறுத்தி வைக்கணும், அதைக் கழிச்சா ஆடிக் கடைசி. குறுவை ரகத்துக்கு 110 நாளாவது வேணும். பிந்தி நட்டவன் கதிர் புரட்டாசியில நிக்கும். ஆக, இருப்புத் தண்ணி பாதிக் குறுவைக்குத்தான். மிச்சப் பாதி குடகு வானத்துல இருக்கு. இதுக்குப் பள்ளிக்கூடம் வேணுமா, மென்பொருள் வேணுமா?

ஆனா மிச்சப் பாதியைச் சொல்ல எனக்கு வெரல் பத்தாது. அங்கதான் உன்னை மாதிரி ஆளு வேணும். அந்த வருஷம் ஜூன் 8ந்தேதியே அமெரிக்காக்காரன் எல் நினோ வந்தாச்சுன்னு அறிவிச்சுட்டான். நாலாம் நாள் இங்க மதகு திறக்குது. பசிபிக் கடல் சூடானா நம்ம தென்மேற்கு மழை கொறையலாம்னு உங்க புத்தகத்துலயே எழுதியிருக்கு. "கொறையலாம்." 1997லயும் பலமான எல் நினோதான், நாட்டுக்கு மழை கொறையலை. அதனால ஒரேயடியா நடாதேன்னு சொல்லச் சொல்லலை. ஆனா யாராவது ஒருத்தன் மைக்கைப் புடிச்சு, "அப்பனே, இருப்பு பாதிப் பயிருக்கு, மேல மழை சந்தேகம், தண்ணி நின்னா போர் உள்ளவன் தாங்குவான், போர் இல்லாதவன் தாங்கமாட்டான், யோசிச்சு நடு"ன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லலை. ஆகஸ்டு வந்துச்சு. நாடு முச்சூடும் மழை 36 சதவீதம் கொறைச்சல், 1901ல இருந்து அப்படி ஒரு காஞ்ச ஆகஸ்டு இல்லை. கர்நாடகாக்காரன் கதவைச் சாத்தினான், வழக்கு, பந்த், உருவபொம்மை. அக்டோபர் 10ல மேட்டூரையே மூடிட்டாங்க. கடைமடையில கதிர் பால் புடிக்கிற நேரத்துல தண்ணி இல்லை. மாட்டை அவுத்து விட்டவன்லாம் உண்டு.

அடுத்த வருஷக் கூத்து இதுக்கு மேல. 2024 ஜூலை ஆரம்பத்துல மேட்டூர்ல 40 அடி சுத்தி. குறுவை கிடையாதுன்னு எல்லாரும் கையைக் கழுவியாச்சு. விதைநெல்லைக்கூட சிலபேர் அவிச்சுட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள குடகுல கொட்டோ கொட்டுன்னு கொட்டி, 28ந்தேதி திறந்து, 30ந்தேதி 120 அடியும் ரொம்பிடுச்சு. மிச்சத் தண்ணி கொள்ளிடத்துல. நாத்து இல்லாத வயலுக்குத் தண்ணி, வயலுக்கு வராத தண்ணி கடலுக்கு. உன் மூணு மாசக் கணிப்பு ஏப்ரல்ல என்ன நிறம் காட்டியிருக்கும்? உள்ளதைச் சொல்லு.

முக்கொம்பையும் கேட்டுக்க. 2018 ஆகஸ்டு. மேல வெள்ளம், மேட்டூர் ரொம்பி வழியுது. உன் ஓட்டக் குறியீடு பிளஸ்ல மூணு நாலுன்னு துள்ளியிருக்கும். 22ந்தேதி ராத்திரி முக்கொம்புல கொள்ளிடத்துப் பக்கம் ஒம்போது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. காட்டன் துரை 1836ல கட்டுன அணை. தண்ணி கடலைப் பாத்து ஓடுது, டிவிக்காரன் படம் புடிக்கிறான். அதே வாரம் பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கம் கடைமடைக்காரன் எங்களுக்கு இன்னும் தண்ணி வரலைன்னு சாலையில உக்காந்திருக்கான். ஆத்துல வெள்ளம், வயல்ல வறட்சி. ரெண்டும் ஒரே நாள். இதை உன் படத்துல என்ன நிறத்துல காட்டுவே? வாய்க்கால் தூர்ந்துபோனதுக்கு ஒரு நிறம் கண்டுபிடி தம்பி. அது வேணும். மண்ணு மேடிட்டு, நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிப்போன வாய்க்காலுக்கு எந்தக் குறியீடும் கெடையாது. மண்வெட்டிதான் உண்டு.

நான் பழசைத் தூக்கிப் புடிக்கிறேன்னு நெனைக்காதே. பழைய கணிப்புக்காரங்க லட்சணமும் தெரியும். பஞ்சாங்கத்துல இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதுல கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனைன்னு போட்டிருப்பான். எந்த மரக்கால், எந்த ஊர்ப் பூமின்னு கேக்கக் கூடாது. மார்கழியில கர்ப்போட்டம் பாத்து அடுத்த மழையைச் சொல்ற பெருசுகளும் உண்டு. பலிச்சா அவங்க ஞானம். பலிக்கலைன்னா நாட்டுல தர்மம் கெட்டுப்போச்சு. தும்பி தாழப் பறந்தா மழைங்குறான். தாழப் பறக்குற தும்பி குடகுலயா பறக்குது? உங்க ஆளுங்க மட்டும் லேசா? "68 சதவீத வாய்ப்பு"ன்னு ஒண்ணு வச்சிருக்கீங்க. பெஞ்சா 68, பெய்யலைன்னா மிச்சம் 32. தோக்கவே தோக்காத சோசியம்.

நந்தியைச் சொல்லாம விடக்கூடாது. மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள்ள பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுகிக் கெடக்கு. பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் இருக்கு. தண்ணி எறங்க எறங்க மொதல்ல கோபுரம் தெரியும், இன்னும் எறங்குனா நந்தி தலை காட்டும். பேப்பர்ல போட்டோ வரும். அந்தப் போட்டோ வந்த அன்னைக்கு டீக்கடையில யாரும் எண்ணைப் படிக்கச் சொல்றதில்லை. ஜெர்மனி, செக்கு தேசத்துலயும் எல்பே ஆத்துல பாறையில வருஷத்தைச் செதுக்கி வச்சிருக்கானாம். ஆறு வத்துனாத்தான் அது வெளியில தெரியும். என்னைப் பாத்தா அழுதுக்கங்கன்னு ஒரு பாறையில எழுதியே வச்சிருக்கான். எகிப்துக்காரன் இன்னும் கெட்டி. நைல் நதிக்குள்ள தூண் நட்டு முழம் போட்டு அளந்தான். தண்ணி ஏறுன முழத்தை வச்சு அந்த வருஷ வரியை நிர்ணயம் பண்ணினான். வெள்ளாமை வீடு வர்றதுக்கு முன்னாலயே வரி! கணிப்புன்னா அது கணிப்பு. அளக்குறதுக்கு ஒரு காரியம் இருந்துச்சு, காரியத்துக்கு ஒரு தேதி இருந்துச்சு. நந்தி அழகாத்தான் அளக்குது, ஆனா போனதைச் சொல்லுது. வரப்போறதை அது சொல்லாது. நீ சொல்லணும்.

வானத்துல ரெண்டு செயற்கைக்கோள் ஒண்ணுக்கு ஒண்ணு 220 கிலோமீட்டர் இடைவெளியில ஓடுதுன்னும், பூமியோட இழுப்பு மாறுறதை வச்சு நிலத்தடித் தண்ணி கொறையுறதைக் கண்டுபிடிக்குதுன்னும் சொன்னியே, அதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செடுத்துப்போச்சு, மெய்யாவே. மொத ஜோடியை 2002லயே விட்டாங்களாமே. ஆனா அதுக்கு ஒரு பெரிய தேசமே வேணுங்குறே, நம்ம டெல்டா தனியாத் தெரியாதுங்குறே. அப்புறம் எதுக்கு? கீழ வேதாரண்யம் பக்கம் போய் போர்த் தண்ணியை நாக்குல வை. உப்புக் கரிக்குதா, அதை எழுதிக்க.

சர்க்காரும் சும்மா இல்லை. 2016ல வறட்சிக் கையேடுன்னு ஒண்ணு போட்டாங்க. மழைக் கொறைச்சல், பயிர், மண் ஈரம், அணை, கெணறுன்னு படிப்படியா ஏறி, கடைசியில பத்துல ஒரு கிராமத்துலயாவது நேர்ல எறங்கி வயலைப் பாருன்னு எழுதியிருக்கான். அந்தக் கடைசி வரியை எழுதுனவன் எவனோ விவசாயி வீட்டுப் புள்ளை. ஆனா ஏணி நீளம் தம்பி. அதே வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை 62 சதவீதம் பொய்ச்சுப்போச்சு. காவிரியும் இல்லை, வானமும் இல்லை. சம்பா நின்ன வாக்குல வைக்கோலாச்சு. மாநிலம் பூராவும் வறட்சின்னு அறிவிப்பு வந்தது 2017 ஜனவரி 10. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால. அதுக்குள்ள வயலைப் பாத்துட்டு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்தவங்க வீட்டுல காரியமே முடிஞ்சிருந்துச்சு. அதைப் பத்திக் கேலி பேச எனக்கு வாய் வராது. பொறவு நம்ம ஆளுங்க மண்டையோட்டைத் தூக்கிக்கிட்டு டெல்லி ஜந்தர் மந்தர்ல போய் உக்காந்தாங்களே, அது ஒரு குறியீடு இல்லாமப் போனதால இல்லை. குறியீடு எல்லாமே இருந்துச்சு.

அதனால ஒண்ணு செய். அந்தப் பெரிய ஹோட்டல்ல பயிலரங்கு, மத்தியானச் சாப்பாடு, தோள்பை குடுக்குறது எல்லாம் நடத்து, நான் தடுக்கலை. பை நல்ல பைதான், விதை வாங்கப் போறதுக்கு ஆவும். ஆனா வைகாசி ஒண்ணாந்தேதி எங்க தலைப்பு மதகுல ஒரு கரும்பலகை வை. அதுல நாலு வரி எழுது. மேட்டூர்லயும் மேல நாலு அணையிலயும் இன்னைக்கு இருக்குற தண்ணி எத்தனை நாளைக்கு வரும். மேல மழை கொறைஞ்சா எத்தனை நாளைக்கு வரும். இந்த வாய்க்கால்ல முறை வச்சா கடைமடைக்கு வாரத்துல எத்தனை நாள் தண்ணி. போர் இல்லாதவன் எத்தனை மாவுக்கு மேல நடாம இருந்தா நல்லது. புள்ளிக்கு அப்புறம் எழுத்தே வேண்டாம். தப்பினா பரவாயில்லை, அடுத்த வாரம் அழிச்சு எழுது. மதகு திறக்குற லஸ்கர் படிச்சுச் சொல்லுவான், நாங்க கேட்டுக்குறோம். அந்த நாலு வரிக்கு உன் செயற்கைக்கோள், கிரேக்கன், மெக்கீ எல்லாரும் வேலை செய்யட்டும். எப்படிச் செஞ்சேன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம், நாங்க கேக்கவும் மாட்டோம்.

நாளைக்குக் கடைமடைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அந்தப் பளபளன்னு இருக்குற ஷூவைப் போட்டுக்கிட்டு வராதே. வரப்புல எறங்குறப்ப காலு சேத்துல பொதைஞ்சா நல்ல சேதி. பொதையலைன்னா, அந்த எடத்துலயே நின்னு அதையும் எழுதிக்க.